பப்ஜி என்பது ஓர் ஆளின் பெயர், தெரியுமா?

அக்கா மகன் சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு, போனை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி, "பின்னாடி வர்றான், பின்னாடி வர்றான்!" என்று யாருக்கோ கத்திக்கொண்டிருந்தான். ஆட்டம் முடியும்வரை பொறுத்திருந்து கேட்டேன்: "பப்ஜின்னா என்னடா அர்த்தம்?" உதட்டைப் பிதுக்கினான். நான் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"நெஜமாவா மாமா? அது ஒரு ஆளோட பேரா?"

நிஜம்தான்! 'பிளேயர்அன்நோன்' என்பது அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன் இணையத்தில் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். பிளேயர்அன்நோனின் போர்க்களங்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே பப்ஜி. 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை போட்டபோது நம் ஊர்ப் பையன்கள் சோறு தண்ணி இல்லாமல் புலம்பினார்களே, அப்போது அவர்கள் வாய் ஓயாமல் சொன்னது ஒரு தனி மனிதரின் பெயரை! பாராசூட்டில் குதிக்கிற எராங்கல் தீவு இருக்கிறதே, அதன் பெயரும் அவருடைய மகளின் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

கிரீன் கேம் செய்யப் படித்தவர் இல்லை. வெப் டிசைனர், புகைப்படக்காரர். பிரேசிலில் சில காலம் இருந்துவிட்டு அயர்லாந்து திரும்பி, அரசு தரும் உதவித்தொகையில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த வறண்ட நாட்களில்தான் 2013 வாக்கில் 'ஆர்மா 2' என்ற ராணுவ விளையாட்டின் மேல் ஒரு மோட் செய்தார். மோட் என்றால், வேறொருவர் கட்டிய வீட்டில் சுவரை இடித்து நம் இஷ்டத்துக்கு ஓர் அறை போட்டுக்கொள்வது மாதிரி. எல்லோரும் ஒரே களத்தில் இறங்க வேண்டும், கடைசிவரை உயிரோடு நிற்பவர் ஜெயித்தவர். இதுதான் அவர் போட்ட அறை. தென் கொரியாவில் புளூஹோல் நிறுவனத்தில் இருந்த கிம் சாங்-ஹான் அதைப் பார்த்துவிட்டு 2016-ல் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். கிரீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொரியாவுக்குக் கிளம்பிவிட்டார். 2017 மார்ச் 23-ல் முன்னோட்டப் பதிப்பு வந்தது. 2018 ஜனவரியில் ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 32 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். அந்தத் தளத்தில் அதுவரை எந்த விளையாட்டும் தொடாத உயரம் அது!

இதற்குப் பின்னால் இன்னொரு பயணமும் ஒளிந்திருக்கிறது. கிரீன் மோட் செய்ததற்குத் தூண்டுதல் 'டேஇசட்' என்ற இன்னொரு மோட். அதைச் செய்தவர் டீன் ஹால், நியூசிலாந்து ராணுவத்தில் இருந்தவர். புருனே காட்டில் பயிற்சியின்போது பட்ட பாடுதான் அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தது. 2012-ல் அது வெளியானபோது அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தது செக் நாட்டில்! புருனே காட்டின் பசி செக் நாட்டில் மோடாகி, அயர்லாந்துக்காரர் கையில் உருமாறி, கொரியாவில் முழு வடிவம் எடுத்து, கடைசியில் என் அக்கா வீட்டு சோபாவில் வந்து விழுந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தாலே தலை சுற்றவில்லையா?

இப்படி ஊர்விட்டு ஊர் போய் கேம் துறையில் காலூன்றியவர்களின் கதைகளைக் கிளறக் கிளற, ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. அநேகமாக ஒவ்வொருவருக்கும், அவர் போவதற்கு முன்னாலேயே அவர் செய்து முடித்த ஏதோ ஒரு சின்னஞ்சிறு விளையாட்டு கடல் தாண்டிப் போயிருக்கிறது. அது போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. ஆள் அதன் பின்னால் போயிருக்கிறார். அக்கா மகன் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், "கேம் ஆர்ட் பண்ண வெளிநாடு போகணும்" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதனால் அன்று ராத்திரி அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்து கியோட்டோ நகரத்துக் கதவைத் திறந்த கதை தெரியுமா? இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. பழைய கேம் பாய் கருவியை ஆன் செய்தால், அதைச் செய்த ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் பெயர் திரையின் மேலிருந்து மெல்ல இறங்கி வந்து நடுவில் நிற்கும், 'டிங்' என்று ஓர் ஒலி கேட்கும். பார்ப்பவருக்கு அலங்காரம். உண்மையில் அது ஒரு பூட்டு! கேசட்டுக்குள் அந்தப் பெயர் அச்சு அசலாக இருக்கிறதா என்று கருவி சரிபார்க்கிறது. இல்லையென்றால் விளையாட்டு ஓடாது. அனுமதி இல்லாமல் பெயரைப் போட்டாலோ வணிக முத்திரையைத் திருடிய வழக்கு வரும். லண்டனில் ஆர்கனாட் என்ற சின்ன நிறுவனத்தை நடத்திய ஜெஸ் சானின் குழு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. கருவி அந்தப் பெயரை இரண்டு முறை படிக்கிறது. ஒருமுறை திரையில் காட்ட, இன்னொரு முறை சரிபார்க்க. நடுவில் சில்லறைக் காசு விலையுள்ள அந்த இரண்டு பாகங்களை வைத்தார்கள். முதல் முறை 'ஆர்கனாட்' என்று படிக்க வைத்தார்கள், இரண்டாவது முறை சரியான பெயரைக் காட்டினார்கள். திரையில் நிண்டெண்டோவுக்குப் பதிலாக ஆர்கனாட் இறங்கி வந்தது!

அதோடு விடவில்லை. அந்தச் சின்னப் பெட்டியால் முடியவே முடியாது என்று எல்லோரும் நினைத்த முப்பரிமாணக் கோட்டுருவங்களை அதில் ஓட விட்டார்கள். அதைச் செய்தவர் டிலன் கத்பெர்ட், இருபது வயதுகூட நிறையாத பையன். நிண்டெண்டோ கோபப்படவில்லை, அவர்களைக் கியோட்டோவுக்கு அழைத்தது. அந்த டெமோ 1992-ல் ஜப்பானில் மட்டும் வெளியான 'எக்ஸ்' என்ற விளையாட்டாக வளர்ந்தது. அடுத்த ஆண்டே 'ஸ்டார் ஃபாக்ஸ்'. அதற்காக ஆர்கனாட் வடிவமைத்த தனிச் சிப் அந்தக் கேசட்டுக்குள்ளேயே பொருத்தப்பட்டு வந்தது.

விண்வெளி விளையாட்டில் நரிக்கு என்ன வேலை? நிண்டெண்டோ தலைமையகத்துக்குப் பக்கத்தில்தான் ஃபுஷிமி இனாரி கோயில் இருக்கிறது. வழிநெடுக ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்கள், வாசலில் காவல் நிற்கும் நரிச் சிலைகள். நிண்டெண்டோவின் விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ அங்கிருந்துதான் வாயில்களுக்குள் நுழைந்து நுழைந்து பறக்கும் ஆட்டத்தையும் நரித் தலைவனையும் எடுத்தார். இங்கிலாந்துப் பையன்களின் கணக்கும் கியோட்டோக் கோயில் நரியும் ஒரே கேசட்டில்! அந்தப் பையன்களில் இன்னொருவரான ஜைல்ஸ் காடர்ட்தான் 'சூப்பர் மாரியோ 64' தொடக்கத்தில் மூக்கைப் பிடித்து இழுத்தால் ரப்பர்போல நீளும் மாரியோ முகத்தைச் செய்தவர். கத்பெர்ட் 2001-ல் கியோட்டோவிலேயே கியூ-கேம்ஸ் என்று சொந்தக் கடையும் போட்டுவிட்டார்.

இதற்கு நேர்மாறானவர் ஹென்க் ரோஜர்ஸ். இவர் எதையும் முன்னால் அனுப்பவில்லை! நெதர்லாந்தில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, ஹவாயில் படிக்கும்போது காதலித்த பெண்ணின் பின்னாலேயே ஜப்பானுக்குப் போய்விட்டார். அங்கே சில ஆண்டுகள் அப்பாவின் ரத்தினக்கல் வியாபாரம். ஜப்பானிய எழுத்து படிக்க வராது. ஆனால் கல்லூரியில் ஆடிய கற்பனைச் சாகச விளையாட்டுகள் மண்டைக்குள் இருந்தன, அந்த ஊர்க் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உட்கார்ந்து எழுதினார். 1984-ல் 'பிளாக் ஆனிக்ஸ்' வந்தது. யாருக்கும் அது என்னவென்றே புரியவில்லை, விற்கவும் இல்லை. மனிதர் சளைத்தாரா? பத்திரிகை அலுவலகங்களுக்கு நேரில் போய், ஆசிரியர்களின் பெயரைக் கேட்டு, அவர்கள் முகச்சாயலில் ஒரு தலையைத் தேர்ந்தெடுத்து அவர்களையே விளையாட்டுக்குள் ஒரு வீரராக இறக்கிக் காட்டினார். தன்னைத் திரையில் பார்த்த ஆசிரியர் எழுதாமல் இருப்பாரா! ஜப்பானில் அந்த வகை விளையாட்டுகளுக்குப் பாதை போட்டவற்றில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

அதே ரோஜர்ஸ்தான் 1989 பிப்ரவரியில் சுற்றுலா விசாவில் மாஸ்கோ போய், அழைப்பில்லாமல் சோவியத் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்து, கையடக்கக் கருவிகளுக்கான டெட்ரிஸ் உரிமையோடு வெளியே வந்தவர். டெட்ரிஸை உருவாக்கிய அலெக்ஸி பஜித்நோவ் அதை முதலில் எழுதிய 'எலெக்ட்ரானிகா 60' கணினியில் படம் வரையவே வழி கிடையாது என்பது தெரியுமா? கீழே விழும் கட்டைகளை அவர் சதுர அடைப்புக்குறிகளை வைத்துத்தான் காட்டினார்! ஓர் எழுத்துக்குறி திறக்க, ஒன்று மூட, அது கட்டையின் ஒரு சதுரம். அந்த அடைப்புக்குறிகள் நாடு நாடாகப் பரவின. கேம் பாயில் மட்டும் 3.5 கோடி விற்றன. பஜித்நோவுக்கு ஒரு காசு பங்கு இல்லை. 1991-ல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது கைகொடுத்தவர் ரோஜர்ஸ். 1996-ல் உரிமை பஜித்நோவ் கைக்குத் திரும்பிய பிறகுதான் அவருக்கு வருமானம் வந்தது. விளையாட்டு போய்ச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் செய்தவர் போய்ச் சேர்ந்தார்.

ஷாங்காய்ப் பையன் ஒருவன் புல்லைப் பார்த்து அசந்துபோனதால் ஒரு விளையாட்டு பிறந்தது தெரியுமா? ஜெனோவா சென் 1981-ல் ஷாங்காயில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமா, அடிக்கடி மருத்துவமனை. லாஸ் ஏஞ்சலீஸில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குப் போனவர், மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் சிறுவன் கனவில் மேகங்களுக்கிடையே பறக்கும் 'கிளவுட்' என்ற விளையாட்டை 2005-ல் சக மாணவர்களோடு செய்தார். இணையத்தில் போட்டதும் அதை இறக்க வந்த கூட்டத்தில் பல்கலைக்கழக சர்வரே படுத்துவிட்டது! அடுத்து ஆய்வேட்டுக்காகச் செய்தது 'ஃப்ளோ'. அதைப் பார்த்து சோனி ஒப்பந்தம் போட்டது. 2012-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கென்று முதல் தவணையாக 14 விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்தபோது அதில் டெட்ரிஸும் இருந்தது, இந்த மாணவரின் ஆய்வேடும் இருந்தது!

புல்லுக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் காரில் போகும்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சைப் புல்வெளி, தூரத்தில் காற்றாலைகள். மாநகரக் கட்டடங்களுக்கு நடுவே வளர்ந்தவருக்கு அது அதிசயமாகத் தெரிந்தது. அங்கேயே பிறந்தவர்கள் தினமும் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகிற புல்! 2009-ல் அது 'ஃப்ளவர்' ஆனது, ஆடுபவர் காற்றாக மாறி இதழ்களை அள்ளிக்கொண்டு போகும் விளையாட்டு. 2012-ல் வந்த 'ஜர்னி'யில் பாலைவனத்தில் எங்கிருந்தோ ஒரு முகம் தெரியாத துணை வந்து சேரும். பேச முடியாது, எழுத முடியாது, ஆட்டம் முடியும்வரை பெயர்கூடத் தெரியாது. ஒரு சின்ன ஒலி எழுப்பலாம், அவ்வளவே. மொழி பிடிபடாத ஊரில் போய் இறங்கிய எவருக்கும் அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று புரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதன் இசை, கிராமி விருதின் காட்சி ஊடக இசைப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் விளையாட்டு இசை.

"சரி மாமா, விசா?" என்றான் அக்கா மகன். நியாயமான கேள்வி.

அமெரிக்காவின் எச்-1பி வேலை விசா ஆண்டுக்கு 65,000, அங்கே முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. அதற்குக் குலுக்கல். ஜப்பானின் வழக்கமான வேலை விசாவுக்குப் பட்டம் வேண்டும், இல்லாவிட்டால் பொதுவாகப் பத்து ஆண்டு அனுபவம். அதனால் "டிகிரி எதுக்கு, திறமை போதும்" என்று நடுவில் படிப்பை விட்டுவிடாதே என்று அவனிடம் அடித்துச் சொன்னேன். வேலை போனால் எச்-1பியில் இருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்கும் அவகாசம் 60 நாள். 2023-லும் 2024-லும் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நண்பர் ஒருவரின் மகள், ஒரு வெளிநாட்டு ஸ்டூடியோவில் சேர்ந்து எட்டே மாதத்தில், வாடகை ஒப்பந்தம் பாதியில் நிற்க, மெத்தையை விற்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அவளுடைய வேலையில் ஒரு குறையும் இல்லை, குழுவையே கலைத்துவிட்டார்கள். இந்தக் கதையும் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னேன்.

குடியேற்ற வரிசையில் நிற்கும் அந்த வயிற்றுக் கலக்கமே விருது வாங்கிய விளையாட்டாக ஆனது தெரியுமா! லூகாஸ் போப், பெரிய அமெரிக்க ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு ஜப்பானுக்குக் குடிபெயர்ந்தவர். ஆசிய நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்து போய் வந்து, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் புரட்டும் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். 2013 ஆகஸ்டில் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' வந்தது. அதில் நாம்தான் அந்த அதிகாரி. தேதி பொருந்துகிறதா, படம் பொருந்துகிறதா, பார்த்து முத்திரை குத்த வேண்டும். ஒரு தவறு நம் சம்பளத்தைக் குறைக்கும், ஒரு கருணை நம் வீட்டுச் சாப்பாட்டைக் குறைக்கும். 2014-ல் சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவான ஐஜிஎஃப்-இன் மிக உயர்ந்த பரிசு அதற்குத்தான்.

எந்த ஊருக்குப் போவது என்பதிலும் வியப்புகள் உண்டு. மான்ட்ரியல் ஏன் கேம் நகரமானது? குளிரா, கலையா? 1997-ல் பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் அங்கே வந்தது, உருவாக்கும் ஒவ்வொரு வேலைக்கும் 25,000 கனடிய டாலர்வரை அரசுகள் தரச் சம்மதித்ததால்! பழைய துணித் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் குடியேறினார்கள். தையல் இயந்திரங்கள் ஓடிய அந்தக் கட்டடத்திலிருந்துதான் 'அசாசின்ஸ் கிரீட்' வந்தது. ஸ்வீடனில் ஷோவ்டே என்று ஒரு சின்ன ஊர். அங்கத்திய பல்கலைக்கழகத்தில் கேம் படித்த மாணவர்கள் படிப்பு முடிந்ததும் தலைநகருக்கு ஓடாமல் அங்கேயே கம்பெனி தொடங்கினார்கள். ஆடு ஊரையே துவம்சம் செய்யும் 'கோட் சிமுலேட்டர்' அங்கேதான் பிறந்தது. 2021-ல் ஐந்தே பேர் கொண்ட குழு வெளியிட்டு, ஒரே மாதத்தில் 50 லட்சம் பிரதி விற்ற 'வால்ஹெய்ம்' பிறந்ததும் அங்கேதான்!

தோற்ற விளையாட்டும் சும்மா போவதில்லை. ஒட்டும் உருண்டையை உருட்டிக்கொண்டே போய்க் குண்டூசியிலிருந்து மலைவரை அள்ளும் 'கட்டமாரி' நினைவிருக்கிறதா? அதைச் செய்த கெய்ட்டா தகாஹாஷி சிற்பம் படித்தவர். 2011-ல் ஜப்பானை விட்டு வான்கூவருக்குப் போய் 'கிளிட்ச்' என்ற விளையாட்டில் சேர்ந்தார். 2012 டிசம்பரில் கிளிட்ச்சை மூடிவிட்டார்கள். ஆனால் அந்தக் குழு தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கட்டி வைத்திருந்த கருவி மிஞ்சியது. அதன் பெயர் ஸ்லாக்! சென்னை ஐடி அலுவலகங்களில் காலையில் முதலில் திறக்கிறார்களே, அதே ஸ்லாக்தான். பின்னாளில் அது 2,770 கோடி டாலருக்குக் கைமாறியது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அவன் லேப்டாப்பைத் திறந்துவிட்டான். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு தேர்ச் சக்கரம். ஆரக்கால்கள் இருந்தன, அச்சாணி இல்லை. பிளெண்டர் இன்று இலவசமாகக் கிடைப்பதே, 2002-ல் ஏழு வாரத்தில் உலகம் முழுவதிலிருந்தும் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டதால்தான் என்று சொன்னேன். காதில் வாங்கினானோ என்னவோ, அச்சாணியைச் செதுக்கத் தொடங்கியிருந்தான்.

கடைசியாக நம் வீட்டுக் கதை. 2023 ஜூலை 31-ல் டொரண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு ஒரு விளையாட்டை வெளியிட்டது. பெயர் 'வெண்பா'! அதை இயக்கிய அபி, சிறுவயதில் கனடாவுக்குப் போன தமிழர். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, அடுப்புதான் களம். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, கறை படிந்து, பாதி வரிகள் அழிந்து கிடக்கும். மிச்சத்தை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லி! தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் ஏறும் என்பதுதான் கேள்வி. நம் வீடுகளில் யாரும் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்காத விஷயம், கை பார்த்துக் கை கற்றுக்கொள்கிற விஷயம். பையன் வளர வளர அவனுக்குத் தமிழ் நழுவும், அம்மாவின் சமையலறைக்கும் அவனுக்கும் தூரம் கூடும். அந்தக் காட்சிகளில் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

2024 மார்ச்சில், பாஸ்போர்ட் விளையாட்டு வாங்கிய அதே ஐஜிஎஃப் பெரும்பரிசு, சரியாகப் பத்து ஆண்டு கழித்து வெண்பாவுக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே லண்டனில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா. இட்லிக் கொப்பரையைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள் இன்றைக்கும் எங்கோ உட்கார்ந்து தட்டைத் திருப்பித் திருப்பி அடுக்கி, மூடியைத் திறந்து, மேல் தட்டு வேகவில்லையே என்று மறுபடி முதலிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள்.